அமுதினியின் வலது காது

கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. அதனால் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பச்சை உடுப்புப் போட்ட ஒருவன் அவ்வப்போது அந்தக் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, ஏதோ ஒரு பெயரைச் சொல்கிறான். உடனே பெஞ்சுகளில் காத்திருப்பவர்களில் யாராவது ஒருத்தர் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டு ஓடுகிறார். சின்ன வாய் அவனுக்கு, மேலுதட்டை மீசை வேறு மறைக்கிறது. அந்த மீசைக்குக் கீழே என் பிள்ளை அமுதினியின் பெயர் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் வாய் திறக்கும், உதடு ஒட்டிக் குவியும், அப்புறம் பல் தெரியும். அவ்வளவுதான் அடையாளம். சற்று முன்னால் அப்படி ஏதோ தெரிந்து நான் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த மதினி என் தொடையை அழுத்தி உட்காரவைத்தாள். உதட்டைப் பெரிதாக அசைத்து, "அமுதவல்லி. அது வேற ஆளு" என்றாள். மதினி என் வீட்டுக்காரனின் அக்கா. அவளுக்குக் காது கேட்கும். அவள் இருக்கும்போது நான் இப்படிக் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, சாய்ந்து உட்காரலாம், மற்ற தாய்மாரைப் போலக் கண்ணை மூடிக் கும்பிடலாம். முடியவில்லை. நான் சிமிட்டுகிற நேரத்தில் அந்தத் தலை வந்து போய்விடும் என்று இருக்கிறது. நான் கண்ணை மூடினால் ஒருத்தரும் இருப்பதில்லை. காது கேட்பவர்களுக்கு அப்படி இல்லையாம், கண்ணை மூடினாலும் சுற்றியிருக்கிற ஆட்கள் அப்படியே இருப்பார்களாம், மதினி ஒருமுறை எழுதிக் காட்டினாள். அமுதினிக்கு இனி அப்படித்தான் இருக்குமா? இருட்டில் படுத்திருக்கும்போது நான் அடுக்களையில் இருப்பது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்குமா? நல்லதுதானே. நல்லதுதான், நல்லதுதான். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் போட்டிருக்கிற மஞ்சள் கோடு வரைக்கும்தான் என்னை விட்டார்கள். நேற்றே வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்துவிட்டார்கள். இன்று காலை அந்தப் பக்கத்துக் கன்னத்தில் ஊதா மையால் ஓர் அம்புக்குறி போட்டார்கள், எந்தக் காது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். மூன்று வயதுப் பிள்ளை. நேற்றிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, காலையிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது என்றுவிட்டார்கள். ஒரு நர்ஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நர்ஸின் முதுகுப் பக்கமாக அமுதினியின் முகம் என்னைப் பார்த்துக்கொண்டே போனது. கையை வாயருகே கொண்டுபோய், தண்ணீர் என்றாள். அப்புறம் என்றேன். தண்ணீர் என்றாள் மறுபடியும், எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, மெதுவாக, தெளிவாக, நான் அவளுக்குப் புதிதாக எதையாவது சொல்லிக்கொடுக்கும்போது செய்வேனே அதே மாதிரி. கதவு மூடிக்கொண்டது. தன் முதுகுக்குப் பின்னால் பிள்ளை பேசிக்கொண்டே வந்தது அந்த நர்ஸுக்குத் தெரியாது. அழாமல் வருகிறாளே, சமர்த்து என்று நினைத்திருப்பாள்.

என் வீட்டுக்காரன் ஆவுடையப்பன் எனக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் காது கேட்காது. புருசன் பொண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன என்று மதினிக்கு எப்போதும் வருத்தம். பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படிப் பேசுவது? கடிதத்திலோ போனிலோ நான் அவனை அவர், நீங்கள் என்றுதான் எழுதுவேன், ஊர் வழக்கப்படி. கையால் பேசும்போது நீயும் கிடையாது நீங்களும் கிடையாது, விரலை நீட்டினால் அவன்தான். மனதுக்குள்ளும் எனக்கு அப்படியே வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்கிறான். பசிக்கவில்லை என்கிறேன். பயமா என்கிறான். இல்லை, உனக்கு? இல்லை என்கிறான். பக்கத்தில் ஒரு பெரியவர் எங்கள் இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்க்கிறார். இல்லை என்று கைதான் சொல்கிறது, ஆவுடையின் முகம் வேறு சொல்கிறது, என் முகமும் அப்படித்தான் இருக்கும். முகம். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். காதுக்குள் போகிற வழியில் முகத்துக்கான நரம்பு ஒன்று ஓடுகிறதாம், எங்கோ யாருக்கோ அது பட்டு ஒரு பக்கம் வாய் கோணிப்போவது உண்டாம், பெரும்பாலும் சரியாகிவிடுமாம். டாக்டர் அதை மதினியிடம் சொன்னார், மதினி என்னிடம் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சுபத்ராதான் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். மற்ற தாய்மார் பெண்பிள்ளையின் அழகு போய்விடுமே என்று பயப்படுவார்கள். எங்களுக்குப் புருவம் ஏறினால்தான் கேள்வி. கன்னம் உப்பினால் பெரிது, உதடு சுருங்கினால் சிறிது, மூக்கு சுளித்தால் வேண்டாம். கை பாதி சொல்லும், மிச்சத்தை முகம் சொல்லும். ஒரு பக்க முகம் செத்துப்போனால் என் பிள்ளை பாதி ஊமை. ஊமை என்று நானே நினைக்கிறேன், பார். எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் சொன்ன சொல், எத்தனை பேர் முகத்துக்கு நேரேயும், நான் உதட்டைப் படிப்பேன் என்று தெரியாமல். இன்றைக்கு நானே என் பிள்ளைக்குச் சொல்கிறேன்.

அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் காதுக்குள் சின்ன மூக்குத்தி அளவுக்கு எதையோ வைத்துப் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். அப்புறம் டாக்டரம்மா மதினியைத் தனியே கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது மதினியின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி பட்டது போதாதா சாமி" என்றாள். அவளுக்கு அழுகையில் வாய் கோணும்போதுகூட எனக்குப் படிக்க வரும். என் அம்மா அழுதாள். பக்கத்துக் கட்டில்காரியும் அழுதாள், அவளுக்கு என்ன வந்ததோ. எல்லோரும் வெளியே போன பிறகு ஆவுடை பிள்ளையின் முகத்துக்கு மேலே குனிந்து, தன் கன்னத்தில் விரலை வைத்து ஒரு சுழற்று சுழற்றினான். கன்னத்தில் குழி விழுகிறவள். அதுதான் எங்களுக்குள் அவள் பெயர். பிள்ளை விரலையே பார்த்தது. ஆவுடை என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேய் என்பார்கள். என் அம்மாவுக்கு என்னிடம் சொல்லத் தெரிந்தது நாலைந்துதான்: சாப்பிடு, தூங்கு, வா, அடிப்பேன். நான் பெரியவளான அன்றைக்கு எனக்கு என்ன ஆகிறது என்று சொல்ல அவளிடம் கை இல்லை, அவள் அழுதாள், நான் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளையிடம் எனக்கு எல்லாமே சொல்ல முடியும். அவளும் சொன்னாள். இரண்டு வயது முடிவதற்குள் மழை என்றாள், பூனை என்றாள், பூனைக்குக் கோபம் என்றாள். போன மாதம் மொட்டை மாடியில், நிலா எங்கே தூங்கும் என்று கேட்டாள். எதிர்வீட்டில் அவள் வயதுப் பையன் இன்னும் மம்மு, தாச்சி என்றுதான் சொல்கிறானாம். ஆனால் டாக்டர் மதினியிடம், "புள்ளைக்கு இன்னும் ஒரு வார்த்தைகூட வரலையே" என்றார். அதை நான் அவர் உதட்டிலேயே படித்தேன். என் மடியில் இருந்த அமுதினி அப்போது அவருடைய வழுக்கைத் தலையைக் காட்டி, பந்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காதுக்குள் கருவி வைத்துக் கேட்கவைக்கிற இந்த ஆபரேஷன் ஆவுடைக்கும் முதலில் வேண்டாம் என்றுதான் இருந்தது. அந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. போன வருடம் காலண்டர் சீசனில்தான் அவன் மாறினான். சிவகாசியில் நாங்கள் இருவரும் ஒரே அச்சாபீஸ். நான் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவள், அவன் ஆஃப்செட் மிஷினில். மிஷினின் ஓட்டம் காலடியில் அவனுக்குத் தெரியும், தாள் ஒட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் அவன் கண்டுபிடிப்பான், முதலாளியே சொல்வார். அன்றைக்கு அவன் தாள் அடுக்கிக்கொண்டிருந்தான், மிஷினுக்கு முதுகைக் காட்டி. ரோலரைத் துடைத்த சேர்மராஜின் கை துணியோடு உள்ளே போய்விட்டது. சேர்மராஜ் கத்தியிருக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தும் ஆவுடை திரும்பவில்லை. ஓட்டம் மாறியது காலில் பட்டுத் திரும்பியபோது நான்கு விரலும் போய்விட்டிருந்தது. அவன் மேல் தப்பே இல்லை என்று சேர்மராஜே வந்து சொன்னான், கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டி. ஆவுடை கொஞ்ச நாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். அப்புறம் ஒருநாள், அமுதினிக்கு அந்த ஆபரேஷன் வேண்டும் என்றான். நான் சண்டை போட்டேன். எங்கள் சண்டையில் வீட்டுக்குள் காற்று அடிக்கும், பாத்திரம் விழும், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. அவள் நம்மை விட்டுப் போய்விடுவாள் என்று நீ பயப்படுகிறாய் என்றான். ஆமாம் என்றேன். அவன் கைகள் நின்றுவிட்டன.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் மேசைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம், அவர் மதினியிடமே பேசினார். பிள்ளை யாருடையது? நான் கேள்விகளை அச்சாபீஸில் உட்கார்ந்து அழகாக அடித்துக் கொண்டுபோயிருந்தேன், பெரிய எழுத்தில், அவர் கண்ணாடியைத் தேடக் கூடாதே என்று. முதல் கேள்வி: அவள் வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு, அவளையே கேட்டுச் செய்தால் என்ன? அவர் படித்துவிட்டு அன்பாகத்தான் சிரித்தார், மதினியிடம் ஏதோ சொன்னார், மதினி தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா-யிரும்" என்றாள். அத்தனை நேரப் பேச்சுக்கு இதுதானா? சுபத்ராதான் தாளை இழுத்து எழுதினாள். வளர்ந்த பிறகு செய்தால் சத்தம் வரும், ஆனால் மூளைக்கு அது பேச்சாகப் புரியாமல் போகும், அதற்கான வயது இதுதான், தாண்டிவிட்டால் தாண்டியதுதான். அவளைக் கேட்க வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் கேட்பதற்கே ஒன்றும் மிச்சமிருக்காது. செய்தாலும் அவளைக் கேட்காமல் செய்கிறேன், செய்யாவிட்டாலும் அவளைக் கேட்காமல்தான் செய்யாமல் விடுகிறேன். இருபது வயதில் அவள் வந்து ஏன் என் மண்டையில் துளை போட்டாய் என்று கேட்பாளா, ஏன் போடாமல் விட்டாய் என்று கேட்பாளா? எதைக் கேட்டாலும் எந்தக் கையால் கேட்பாள்? கையால் கேட்பாளா? அடுத்த கேள்வியே அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகும் நாங்கள் கையால் பேசலாமா? சுபத்ராவின் பேனா நின்றது. டாக்டர் நீளமாகப் பேசினார், மதினி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச வருடங்களுக்கு வேண்டாம் என்கிறார், கை கிடைத்தால் பிள்ளை காதைப் பயன்படுத்தாது என்கிறார் என்று சுபத்ரா எழுதினாள். அதற்குக் கீழே, டாக்டர் பார்க்காதபோது, பொடி எழுத்தில்: இரண்டும் இருந்தால் தப்பில்லை என்று சொல்பவர்களும் உண்டு அக்கா, இங்கே இதுதான் முறை. வீட்டில் பேச ஆளே இல்லையே, காயம் ஆறி வெளிக்கருவி மாட்டிய பிறகு பிள்ளை யார் பேச்சைக் கேட்டுப் பழகும் என்று அடுத்துக் கேட்டது டாக்டர். அதற்கு மதினி பதில் சொன்னாள். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னதால் எனக்குப் புரிந்தது. "நான் இருக்கேன்ல."

கையைக் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கை பேசினால் ஸ்கேலால் அடி. எஸ்தர் டீச்சர் நல்லவள், அடிக்கும்போது அவள் கண்ணும் கலங்கும். உதட்டுக்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொள்வாள். ப சொன்னால் தாள் ஆட வேண்டும், ம சொன்னால் ஆடக் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா என்றாலும் அம்மா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது, இது காது கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவள் தொண்டையில் என் கையை வைத்து, என் தொண்டையில் அவள் கையை வைத்து, பால் என்ற ஒரு சொல்லுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. அந்த மழைக்காலத்தில் என் வயதுப் பிள்ளைகள் பூமி உருண்டை என்று படித்திருப்பார்கள். பால் வந்துவிட்டது என்று டீச்சர் கைதட்டினாள், நான் பெருமையாகக் கடைக்குப் போய், பால் என்றேன். கடைக்காரர் முகம் சுளித்தார். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு மூடிய வாய்தான். அமுதினிக்கு அப்படி ஆகாது, அவளுக்கு நிஜமாகவே கேட்கும், அவள் நம்மைப்போல் இல்லை என்று ஆவுடை சொல்கிறான். நம்மைப்போல் இல்லை. அதை நல்ல செய்தி மாதிரி சொல்கிறான்.

ஆனாலும் நான்தான் கடைசியில் சரி என்றேன், ஆவுடைக்காகவும் இல்லை, டாக்டருக்காகவும் இல்லை. ஒருநாள் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று கோர்த்துக்கொண்டிருந்தேன். ஓடை சலசல என்று ஓடியது, முயல் குடுகுடு என்று போனது, இளவரசி கலகல என்று சிரித்தாள். இந்த மாதிரிச் சொற்களை வருடக்கணக்காக அடித்துவருகிறேன், ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லை. எழுத்துத்தான் எனக்குக் கிடைத்த தமிழ், அதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஆனால் சலசல என்றால் என்ன? ஆற்றுக்குள் கையை விட்டால் விரலிடையில் ஓடுகிறதே, அதுவா? கலகல என்றால் என்ன என்று மதினியிடம் எழுதிக் கேட்டேன். சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தம் என்று எழுதினாள். அன்று சாயங்காலம் அமுதினியைக் கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்கவைத்து அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி உள்ளே துடித்தது. இதுதான் கலகல என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் இளவரசி தூரத்தில் அல்லவா சிரித்தாள், இளவரசனுக்குத் தோட்டத்துக்கு அப்பாலிருந்து கேட்டது என்று கதையில் வருகிறதே. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது, என் பிள்ளைக்குக் கிடைக்கும், நான் வேண்டாம் என்றால் கிடைக்காது. வேண்டாம் என்று சொல்ல என் கை எழவில்லை. அது எனக்காக ஆசைப்பட்டதா அவளுக்காகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என்னைக் கேட்காதீர்கள். யாரும் கேட்கவும் இல்லை.

மதினிக்குப் பிள்ளை இல்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அமுதினிக்கென்று ஒரு குட்டிக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாள், ஜன்னலுக்குக் கிளி போட்ட திரை தைத்திருக்கிறாள். இனிப் பிள்ளை அங்கேதான், திங்கள் முதல் சனி வரை தினமும் சுபத்ராவிடம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டும். வந்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எத்தனை வருடம் என்று மதினி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஆவுடைக்குக் காதாக இருந்தவள் அவள், ரேஷன் கடையில், போலீஸ் ஸ்டேஷனில், எங்கள் கல்யாணத்தில் ஐயர் சொன்னதையெல்லாம் அவனுக்குக் கையைக் காட்டிச் சொன்னவள். அவள் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும், வரமாட்டேன் என்கிறது. நேற்று அமுதினி தூங்கும்போது மதினி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு முடி மழித்த பக்கத்துக் காதுக்கருகே வாயை வைத்து எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்காது என்று அவளுக்குத் தெரியும். என்ன சொன்னாளோ. எனக்குப் பக்கவாட்டில் உதடு சரியாகத் தெரியவில்லை.

இப்போது மதினி எழுந்து நிற்கிறாள். யாரோ மருந்துச் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள், கீழே போய் வாங்கிவர வேண்டும். "ஓடியாந்துர்றேன். கூப்புட்டா..." என்று ஆரம்பித்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொள்கிறாள். என்னைப் பார்க்கிறாள், ஆவுடையைப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பெரியவரிடம் குனிந்து சொல்கிறாள், எங்களைக் காட்டி, தோளைத் தட்டுவது போலக் காட்டி. பெரியவர் தாராளமாகத் தலையாட்டுகிறார். மதினி போகிறாள். பெரியவர் கொஞ்ச நேரம் எங்களுக்காக விழித்திருக்கிறார், அப்புறம் அவர் தாடை மெல்ல நெஞ்சில் இறங்குகிறது. கூடத்தின் மறுகோடியில் இன்னொரு கதவும் உண்டு. நானும் பார்க்கிறேன், நீயும் பார் என்கிறான் ஆவுடை, அவன் அந்த வலதுபக்கக் கதவை, நான் இந்த இடதுபக்கக் கதவை. என் பக்கத்துக் கதவு திறக்கிறது. மீசைக்காரன். அவன் சொல்வது தெரியவில்லை. யாரும் எழவில்லை. மறுபடி சொல்கிறான், கழுத்தை நீட்டிக் கூட்டத்தைத் தேடுகிறான், நெற்றி சுருங்குகிறது. ஒருத்தரும் எழவில்லை என்றால் அது நான்தானே. செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறேன். என் மணிக்கட்டில் காலையில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டையை, அமுதினி, த/பெ ஆவுடையப்பன் என்று எழுதியதை, அவன் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறேன். அவன் வாய் எரிச்சலாக எதையோ சொல்கிறது, எத்தனை தடவை கூப்பிடுவது என்றுதான் இருக்கும். அப்புறம் என் காதைப் பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், கதவை அகலமாகத் திறந்துவிடுகிறான். ஆவுடையும் பின்னால் வந்துவிட்டான். ஒருத்தர்தான் என்று மீசைக்காரன் விரலைக் காட்டுகிறான். அதை மட்டும் கையால் அழகாகச் சொல்கிறான்.

உள்ளே குளிர். ஸ்பிரிட் வாசனை. கம்பி வைத்த கட்டிலில் என் பிள்ளை தலை முழுக்க வெள்ளைத் துணி சுற்றி, காதும் கன்னமும் மறைந்து, யாரோ போல இருக்கிறாள். அழுகிறாள். முதலில் வாயைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுபட்டு அழுகிறது, இரண்டு புருவமும் சேர்ந்தே ஏறுகிறது. சாமி, சாமி. இடது கையில் ஊசி ஏற்றி அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வலது கையை ஒரு நர்ஸ் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். கட்டைப் பிய்த்துவிடுவாள் என்று பிடித்திருக்கிறாள், பாவம், அவள் வேலை அது. இன்னொரு நர்ஸ் குனிந்து, அழாதடா, ஒண்ணுமில்லடா என்று அந்தச் சுற்றிய துணிக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அமுதினி கையை இழுக்கிறாள், நர்ஸ் விடவில்லை, இழுக்க இழுக்க அழுகை கூடுகிறது. கட்டைப் பிய்க்க அவள் இழுக்கவில்லை. அவள் பேசப் பார்க்கிறாள். வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அழாதே என்கிறார்கள். விடுங்கள் என்று நான் கையைக் காட்டுகிறேன், என் கையை யார் பார்க்கிறார்கள். நர்ஸின் முழங்கையைத் தொடுகிறேன், இருங்கம்மா என்கிறாள் திரும்பாமலே. அப்போது என் தொண்டை அதிர்ந்தது. விடுங்க என்றுதான் சொன்னேன், எஸ்தர் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி உதட்டைக் கடித்து, நாக்கை மடித்து, எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். என்ன வந்ததோ. பக்கத்துக் கட்டில்களில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. நர்ஸ் நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்துவிட்டாள்.

விடுபட்ட கை கட்டுப் பக்கமே போகவில்லை. நேராக என்னை நோக்கி நீண்டது. அம்மா என்றாள். வலி என்றாள், தலைக்கருகே விரலை முறுக்கி. ஆமாம், வலி என்றேன். எங்கே போனாய் என்றாள். அங்கே, கதவுக்கு வெளியே, இங்கேயேதான் என்றேன். ஏன் என்றாள். நான் எங்கே போனேன் என்பதற்கு ஏனா, வலிக்கு ஏனா, தெரியவில்லை, அவள் விரலும் மயக்கத்தில் குழறுகிறது. அவள் கண்ணைத் துடைத்தேன். அழுகை அடங்கி விக்கலாகிவிட்டது. நர்ஸ்கள் இரண்டு பேரும் நின்று எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துப் பையைக் காட்டி உள்ளே வந்த மதினி கால்மாட்டில் நிற்கிறாள், ஓடிவந்த மூச்சு நெஞ்சில் ஏறி இறங்குகிறது. கையால் பேசாதே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமுதினி மறுபடியும் கையைத் தூக்கினாள். உள்ளங்கையைச் சாய்த்து, விரல்களை மேலே நீட்டி, அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள். வீடு என்கிறாள். அதற்கு இரண்டு கை வேண்டும், இரண்டு பக்கமும் சாய்ந்து நுனி தொட்டால்தான் கூரை. இவளுக்கு இன்னொரு கை அட்டையில் கிடக்கிறது. அதைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, பாதிக் கூரையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், புருவம் ஏறியிருக்கிறது. வீட்டுக்கா? அவள் கேட்பது சிவகாசியில் அச்சாபீஸுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஒற்றை அறையை. இந்தக் கட்டைப் பிரித்ததும் அவள் போகப்போவது கிளித் திரை போட்ட ஜன்னலுக்கு. எங்கள் கையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். என் இடது கையைக் கொண்டுபோய் அவள் விரல்நுனிகளில் சாய்த்தேன். ஆமாம் என்று தலையை அசைத்தேன், முகம் எதையும் சொல்லிவிடாதபடி வைத்துக்கொண்டு. அவள் அந்தக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள், கையை எடுக்காமலே, அதனால் நானும் எடுக்கவில்லை.